22 சென்டிமீட்டர்

"அப்படியே சேதம் ஏற்பட்டிருந்தாலும், அது குறிப்பிட்ட காலத்தில் நிலவிய தொடர் மின்தடையால் நேர்ந்ததாகவே இருக்க முடியும். அது எதிர்மனுதாரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது."

கருத்தரிப்பு மையம் தாக்கல் செய்த பதிலுரையின் நடுவில் இருந்த வரி இது. வக்கீல்கள் இப்படி எழுதுவது புதிதல்ல. முதலில் சேதமே இல்லை என்போம். அடுத்த பத்தியில், இருந்தாலும் நாங்கள் காரணமில்லை என்போம். நானும் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வரியை எழுதியவர் மையத்தின் சேமிப்பு அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். கருமுட்டைகளைச் சேமித்து வைக்கும் திரவ நைட்ரஜன் கொள்கலனுக்கு மின்சாரமே தேவையில்லை. அதில் ஒயரும் இல்லை, பிளக்கும் இல்லை.

என் கட்சிக்காரர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்துப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) 2016இல், 27 வயதில், மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ தொடங்குவதற்கு மூன்று வாரம் இருந்தது. புற்றுநோய் மருத்துவர் விவரமானவர். இந்த மருந்துகள் சினைப்பையையும் பாதிக்கும், கல்யாணம் ஆகாத பெண், பின்னால் குழந்தை வேண்டுமென்றால் இப்போதே கருமுட்டையை எடுத்து வைத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார். இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லாத மருத்துவர்கள் உண்டு. உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, மயக்க மருந்து கொடுத்து ஒரு சின்ன சிகிச்சை. 11 முதிர்ந்த முட்டைகள் கிடைத்தன. கோவையில் இருந்த அந்த மையத்தில் உறைய வைத்தார்கள். அதன்பின் வருடா வருடம் சேமிப்புக் கட்டணம். ரசீதுகள் அத்தனையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். கணக்குப் பார்க்கிற பெண் என்பதால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

அவர் சேமித்தது முட்டையை, கருவை அல்ல. சட்டத்தில் இந்த வேறுபாடு பெரிது. கரு என்றால் அதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண் சினைப்பையை அகற்றுவதற்கு முன் தன் துணைவரோடு சேர்ந்து கருக்களைச் சேமித்தார். பிறகு பிரிந்தார்கள். துணைவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். அந்தப் பெண் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2007இல் தோற்றார். முட்டையில் அந்தச் சிக்கல் இல்லை. அது அவளுடையது மட்டும்தான்.

2021 தொடக்கத்தில் கட்சிக்காரருக்குத் திருமணம் ஆனது. புற்றுநோய் மருத்துவர் பச்சைக்கொடி காட்டினார். கணவருக்குச் சென்னையில் வேலை. அதனால் அந்த வருடக் கடைசியில் முட்டைகளைச் சென்னையில் உள்ள வேறொரு மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே உருக்கிப் பார்த்தபோது 11இல் ஒன்றுகூடத் தேறவில்லை. சுருங்கி, கருத்துப்போன முட்டைகளின் படங்களை அந்த மையத்தின் கருவியலாளர் பதிவு செய்து கையில் கொடுத்தார். கீமோவுக்குப் பின் கட்சிக்காரரின் சினைப்பையில் மிச்சம் ஏதும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது.

பழைய மையம் சொன்னது: நாங்கள் கொடுத்தபோது நன்றாக இருந்தது, சென்னையில் உருக்கும்போது கெடுத்துவிட்டார்கள். சென்னைக்காரர்கள் சொன்னது: வரும்போதே போயிருந்தது. கொண்டுவந்த நிறுவனம் சொன்னது: பெட்டியின் வெப்பப் பதிவில் குறையே இல்லை. மூன்று பேரும் மாறி மாறிக் கைகாட்டினால் நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நுகர்வோர் வழக்குகளில் இது அடிக்கடி நடக்கும்.

இங்கே கொஞ்சம் அறிவியல் சொல்ல வேண்டும். அது புரியாமல் இந்த வழக்கை நடத்தியிருக்கவே முடியாது. மனித உடலில் மிகப் பெரிய செல் கருமுட்டைதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதில் பெரும்பகுதி தண்ணீர். மெதுவாகக் குளிர வைத்தால் அந்தத் தண்ணீர் பனிப் படிகமாகி உள்ளே இருக்கும் நுண்ணிய அமைப்பைக் கிழித்துவிடும். உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தைகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1986இலேயே பிறந்துவிட்டன. ஆனாலும் அதன்பின் வெகுகாலம் இது அரிதாகவே கைகூடியது, காரணம் இந்தப் படிகம். பிறகு வந்த முறையில் முட்டையிலிருந்து தண்ணீரை முடிந்தவரை வெளியேற்றி, காப்புத் திரவத்தில் நனைத்து, முடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் ஒட்ட வைத்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்கிவிடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. படிகம் உருவாக நேரமே இல்லாமல் எல்லாம் கண்ணாடி போல இறுகிவிடும். இந்த முறை தேறியதால்தான் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல் முட்டை உறைய வைத்தலை 'பரிசோதனை நிலை' என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. நல்ல கைகளில், இளவயது முட்டைகளில் பெரும்பாலானவை உருக்கிய பிறகும் உயிரோடு இருக்கும். ஒன்றுகூடத் தேறாமல் போவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

வழக்கின் சூட்சுமம் அடுத்ததில் இருந்தது. அந்த இறுகிய நிலை குளிர் குறையாதவரைதான் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி என்பதே அதற்குச் சூடு. நைட்ரஜன் வற்றி, பட்டைகளுக்குச் சூடு ஏறினால் உள்ளே படிகம் வளர்ந்துவிடும். அதன்பின் மறுபடி நைட்ரஜனை ஊற்றி நிரப்பினால் வெளியே பார்க்க எல்லாம் பழையபடியே இருக்கும். பட்டை இருக்கும், பெயர்ச்சீட்டு இருக்கும், புகை கிளம்பும். உருக்கிப் பார்க்கும் நாள் வரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுவரை கட்டணமும் வாங்கலாம்.

எனக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்ன முதல் ஆள் எந்தப் பேராசிரியரும் இல்லை. கட்சிக்காரரின் அப்பா மாடு வைத்திருப்பவர். அந்த ஊருக்கு மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"வக்கீலம்மா, இவர்கிட்டயும் அதே கேன்தானுங்க இருக்குது. இவரையே கேட்டுப் பாருங்க."

அவர் பொறுமையாகச் சொன்னார். "கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க அம்மா. ரெண்டு சுவர், நடுவுல காத்தே இல்லாத வெற்றிடம். அவ்வளவுதான். ஆனா தினமும் கொஞ்சம் ஆவியாப் போய்ட்டேதான் இருக்கும். குச்சிய உள்ள விட்டு எடுத்து ஆட்டுனா வெள்ளையாப் பனி புடிக்குங்க. அதுதான் மட்டம். அளந்து எழுதிப்போட்டு, குறையறதுக்கு முந்தி ஊத்தோணும்."

"எழுதி வைக்கிறீங்களா?"

"நோட்டு இருக்குதுங்க. ஆபீசர் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாரு."

அந்த நோட்டுதான் வழக்கு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. மையத்தின் நைட்ரஜன் பதிவேடு, நைட்ரஜன் வாங்கிய பில்கள், கொள்கலனின் வரிசை எண், அதற்குப் பின் அங்கே உருக்கப்பட்ட மற்றவர்களின் முடிவுகள். இவற்றைக் கேட்டுத் தனி மனு போட்டேன். நோயாளிகளின் அந்தரங்கம் என்று எதிர்த்தார்கள். பெயர்களை மறைத்துக் கொடுக்கும்படி நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

வழக்கைச் சென்னையில் மாநில நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்ததற்குக் காரணம் உண்டு. கட்டிய தொகையை மட்டும் பார்த்தால் மாவட்ட ஆணையமே போதும். ஆனால் 2016இல் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில், கருவிக் கோளாறு, மின்தடை, இயற்கைப் பேரிடர் என்று எதனால் சேதம் வந்தாலும் மையம் பொறுப்பாகாது, அதிகபட்சம் அந்த வருடக் கட்டணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு பத்தி இருந்தது. கீமோ நாற்காலிக்குப் போகும் வழியில் நிற்கும் பெண்ணிடம் நீட்டப்பட்ட காகிதம் அது. அவர் அதில் எதைத் திருத்தச் சொல்லியிருக்க முடியும்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தரவில்லை. அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாதென்று அறிவிக்க மாநில ஆணையத்தால் முடியும்.

பதிவேட்டின் நகல் வந்தது. வாரம் ஒரு பதிவு. 2021 ஏப்ரல் வரை எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஊற்றினால் ஏறும், அடுத்த வாரம் இறங்கியிருக்கும். மே முதல் வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை எல்லா வாரமும் ஒரே எண்: 22 சென்டிமீட்டர். அந்த வாரங்களில் நைட்ரஜன் ஊற்றியதாகப் பதிவு இல்லை. பில்லும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கேள்விகளை எழுதிக் கொடுப்போம், பதில் பிரமாணப் பத்திரமாக வரும். நான் நீட்டி முழக்கவில்லை. திரவ நைட்ரஜன் ஆவியாகுமா? ஆகும். நாள்தோறும் ஆகுமா? ஆகும். வழக்கமாக வாரம் எத்தனை லிட்டர் ஊற்றுவீர்கள்? சுமார் 10. கொள்கலனின் கொள்ளளவு? 47 லிட்டர். அப்படியானால் ஊற்றாமலே ஆறு வாரம் 22 சென்டிமீட்டர் எப்படி நின்றது? இதற்கு மட்டும் பதில் வர நாளானது. வந்தபோது, "ஊழியர் கவனக்குறைவாக எழுதியிருக்கலாம்" என்றிருந்தது. ஜூன் நடுவில் வாங்கிய நைட்ரஜன் பில்லைப் பக்கத்தில் வைத்தோம். 50 லிட்டர். ஏறத்தாழ காலியான கொள்கலனுக்குத்தான் ஒரே தடவையில் அவ்வளவு தேவைப்படும்.

அப்புறம் வாதம் மாறியது. மின்தடை மறைந்து, கொள்கலனின் வெற்றிடம் திடீரென்று போய்விட்டது, தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்றார்கள். இது வெறும் கற்பனை வாதம் அல்ல. 2018 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கொள்கலன் பழுதாகி ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. 2021 ஜூனில் அங்கே ஜூரி ஐந்து பேருக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வழங்கச் சொன்னபோது, பொறுப்பில் 90 சதவீதத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் மேல்தான் வைத்தது. ஆனால் வெற்றிடம் போன கொள்கலன் அதற்குப் பின் எதற்கும் உதவாது. எங்கள் மையமோ அதே வரிசை எண் கொண்ட கொள்கலனைத்தான் 2022இலும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அவர்களே தாக்கல் செய்த ஆவணத்தில் அது இருந்தது.

கடைசியாகக் கொரோனா. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 2021 ஏப்ரலில் நைட்ரஜன் டேங்கர்களை ஆக்சிஜன் ஏற்ற மாற்றும்படி மத்திய அரசே சொன்னது. மே மாதக் கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. அந்த நாட்களில் கோவையில் இருந்த யாரும் அதை மறக்க மாட்டோம். ஊழியர் வர முடியவில்லை, நைட்ரஜன் கிடைக்கவில்லை என்றால் நம்பத் தயாராக இருந்தேன். ஆனால் அப்படியானால் பதிவேட்டில் 22 என்று எழுதியது ஏன்? ஒரு தொலைபேசி அழைப்பில் வேறு மையத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாமே? ஜூனில் நிரப்பிய கையோடு சேமித்தவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே? சினை ஊசிக்காரரின் நோட்டையும் தாக்கல் செய்தேன். அதே மே மாதம், அதே மாவட்டங்கள். அவருடைய கேன் ஒரு வாரம்கூட வற்றவில்லை.

நடுவில் ஒரு தொல்லை. 2022 ஜூனில் ஈரோட்டில் சிறுமி ஒருத்தியைக் கட்டாயப்படுத்திக் கருமுட்டை விற்ற விவகாரம் வெடித்தது. எல்லாப் பேப்பரிலும் தலைப்புச் செய்தி. கட்சிக்காரரின் அப்பா அதிகாலையில் போன் செய்தார். "நம்ம கேஸுங்களா வக்கீலம்மா இது? ஊருக்குள்ள எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்கறாங்க." வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இறுதி வாதத்தில் எதிர்த்தரப்பு சீனியர் இதை மருத்துவக் கவனக்குறைவு வழக்காகவே நடத்தினார். 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பிலிருந்து ஆரம்பித்து, மருத்துவரின் தொழில்முறைத் தீர்மானத்தில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்றார். என் வாதம் வேறு. முட்டையை எடுத்ததிலோ உறைய வைத்ததிலோ எனக்குப் புகாரே இல்லை. அது மருத்துவம். அதற்குப் பின் ஐந்து வருடம் நடந்தது காவல். குச்சியை விட்டு அளந்து ஊற்றுவதில் என்ன தொழில்முறைத் தீர்மானம் இருக்கிறது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, பிறர் ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போலக் காக்கும் கடமையைச் சொல்கிறது. முட்டை ஒரு பொருளா என்று கேட்டார்கள். இங்கிலாந்தின் யர்வொர்த் வழக்கைக் காட்டினேன். கீமோவுக்கு முன் பிரிஸ்டலில் உள்ள மருத்துவமனையில் ஆறு ஆண்கள் விந்தைச் சேமித்தார்கள். 2003இல் நைட்ரஜன் குறைந்து எல்லாம் உருகிவிட்டது. அந்த விந்து அவர்களுடைய உடைமைதான், மருத்துவமனை அதை ஒப்படைப்பாகவே வைத்திருந்தது என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே இலவசச் சேமிப்பு. இங்கே வருடா வருடம் ரசீது போட்டிருக்கிறார்கள்.

சீனியர் விடவில்லை. 11 முட்டைகளும் நன்றாகவே இருந்திருந்தாலும் ஒரு குழந்தை பிறந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, இல்லாத குழந்தைக்கு எப்படி நஷ்டஈடு என்றார். தானமாகக் கிடைக்கும் முட்டையை வைத்து முயற்சி செய்யலாமே என்றும் சொன்னார். பெஞ்சிலிருந்த பெண் உறுப்பினர் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்து, "யாருடைய முட்டையாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், இந்தப் பெண்ணிடம் ஐந்து வருடம் கட்டணம் எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டார். சீனியர் அடுத்த தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினார். கேள்வி அங்கேயே நின்றது.

2024இல் உத்தரவு வந்தது. சேவைக் குறைபாடு நிரூபணமானது என்றார்கள். பொறுப்பாகாது என்ற அந்தப் பத்தி செல்லாதென்றார்கள். சென்னை மையத்தின் மேலும் கொண்டுவந்த நிறுவனத்தின் மேலும் தவறில்லை என்றார்கள். நஷ்டஈடு நாங்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. முட்டை பொருளா, ஒப்படைப்பா என்ற கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். பணம் ஒருவருக்குத்தான் போய்ச் சேரும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் இன்னும் பல பெண்களுக்கு உதவியிருக்கும்.

2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தாலும் அந்த இடைவெளி முழுக்க அடைபடவில்லை. சேமித்தவர் இறந்தால் என்ன செய்வது என்று எழுத்தில் வாங்காமல் உறைய வைக்கக் கூடாது என்கிறது 22ஆம் பிரிவு. நல்லது. 28ஆம் பிரிவு பத்து வருட வரம்பு விதிக்கும்போது தானம் தந்தவரின் உயிரணுவையும் கருவையும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தனக்காகவே தன் முட்டையைச் சேமிக்கும் பெண் எங்கே வருகிறாள் என்று தெளிவாக இல்லை. தன் முட்டையைத் தன் பயன்பாட்டுக்காக வேறிடம் கொண்டுபோக தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது 29ஆம் பிரிவு. எனவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. யாராவது என்னிடம் இப்போது ஆலோசனை கேட்டால், எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள் என்பேன். நைட்ரஜன் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். முட்டைகளை இரண்டு கொள்கலன்களில் பிரித்து வைப்பார்களா, மட்டம் குறைந்தால் அலாரம் யார் செல்போனுக்குப் போகும், பொங்கல் விடுமுறையில் யார் வந்து ஊற்றுவார், மையத்தை மூடினால் முட்டை எங்கே போகும் என்று கேளுங்கள். எங்கள் வழக்கில் இருந்தது ஒரே ஒரு கொள்கலன். அலாரம் கிடையாது.

மையம் பாதித் தொகையைக் கட்டி தில்லியில் தேசிய ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்தது. அங்கே சமரசப் பேச்சு. பணத்தில் சீக்கிரமே உடன்பாடு வந்துவிட்டது. கட்சிக்காரர் வைத்த இன்னொரு நிபந்தனையில்தான் பேச்சு முறிகிற நிலைக்குப் போனது. அந்தக் கொள்கலனில் அந்த ஆறு வாரமும் முட்டையோ கருவோ வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் மையம் கடிதம் எழுத வேண்டும் என்றார். தொகையைக் கூட்டித் தருகிறோம், கடிதம் மட்டும் வேண்டாம் என்றார்கள். "எத்தனை கூட்டித் தந்தாலும் கடுதாசி போகோணும்ங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். என் சக வக்கீல்கள் சிலர், கட்சிக்காரரைச் சமாதானப்படுத்தியிருக்கலாமே என்றார்கள். அது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தின் வாசகத்துக்காக இரண்டு தரப்பும் வரைவுகளை மாற்றி மாற்றி அனுப்பினோம். நைட்ரஜன் குறைந்தது, சேமிப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறோம் என்ற மூன்று வரியும் நின்றன. பதிவுத் தபாலில் அனுப்பியதற்கான ஒப்புகைகளைத் தாக்கல் செய்த பிறகே சமரச மனுவில் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் கிடைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது தனித்தனியே வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு நான் வக்காலத்துக் கொடுத்திருப்பதால், அதைப் பற்றி எதுவும் எழுத முடியாது.